காடாத் துணி போர்த்திய பெட்டி

என் மச்சானிடம் ஒரு சிறிய லொறி இருக்கிறது. வாரத்தில் மூன்று நாட்கள் நுவரெலியாவிலிருந்து லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போவார். மற்ற நாட்களில் லொறியின் பின்தட்டு வெறுமையாகக் கிடக்கும். அதன்மேல் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு படுக்கைப் பெட்டி இருந்தால் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்கோ கதிர்காமத்துக்கோ போய், அறை தேடி அலையாமல் இரவு தங்கி வரலாம் என்று இரண்டு வருடங்களாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மாசியில்தான் கை வைத்தேன். பெட்டி நின்றுவிட்டது, மழையையும் பார்த்துவிட்டது.

நீளம் ஆறரை அடி, அகலம் நான்கு அடி, உயரம் மூன்றரை அடி. சுவருக்கு 6 மில்லிமீற்றர் பிளைவுட், கூரைக்கு 9 மில்லிமீற்றர். சட்டத்துக்குத் தேயிலை மலையில் நிழலுக்கு நட்ட சவுக்கு மரத்தின் பலகை. மரவேலை பத்து நாட்களில் முடிந்தது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் கவலையெல்லாம் மேல்தோலைப் பற்றியது. தகரம் அடித்தால் கனம், ஓட்டத்தில் சத்தம், இரவில் குளிர். கண்ணாடி இழையும் ரெசினும் பூசினால் உறுதி, ஆனால் எனக்கு அந்தச் செலவு கட்டாது. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் அந்த நெடியும் ஆகாது. கடைசியில் நான் எடுத்த வழி பருத்தித் துணி, தச்சுப் பசை, பெயின்ட் மூன்றும் சேர்ந்தது. வீட்டிலேயே படுக்கை வண்டி செய்கிறவர்கள் வெளிநாடுகளில் இதைப் பரவலாகச் செய்கிறார்கள். பசையைப் பூசி, துணியை விரித்து, துணியின் மேலும் பசை பூசி, காய்ந்தபின் வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டை மூன்று நான்கு தடவை அடிப்பது. கேட்பதற்கு எளிது. எங்கள் மலையில் அப்படி எளிதாக நடக்கவில்லை.

முதலில் சோதித்துப் பார்த்தேன். ஒரு சாண் சதுரத்தில் ஐந்து பிளைவுட் துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகத் துணி ஒட்டி, மூன்று நாட்கள் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். சாதாரண வெள்ளைப் பசையில் ஒட்டியது இரண்டாம் நாளே பால் போல வெளுத்து, நகத்தால் தூக்கியதும் கையோடு வந்துவிட்டது. நீர் தாங்கும் வகைப் பசையில் ஒட்டிய துண்டு சற்று இளகியது, ஆனால் விடவில்லை. வெளியே எடுத்துக் காயவைத்ததும் பழையபடி இறுகிவிட்டது. அதே பசையின் மேல் நான்கு கை பெயின்ட் அடித்து, வெட்டுமுனைகளையும் மூடிய துண்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தண்ணீரைத் தடுப்பது பெயின்ட் என்பது இதில் எனக்குத் தெளிவானது. துணி பெயின்ட்டை வெடிக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பசை துணியை மரத்தோடு பிடித்துக்கொள்கிறது. மரம் சற்று விரிந்து சுருங்கினாலும் துணியும் கூடவே அசைவதால் பெயின்ட்டில் கீறல் விழுவதில்லை.

துணிக்கு அறுபது அங்குல அகலத்தில் ஒன்பது யார் காடாத் துணி வாங்கினேன். புதிய காடாவில் கஞ்சி இருக்கும். கஞ்சி பசையை உள்ளே விடாது, பின்னால் பூஞ்சணத்துக்கும் தீனியாகும். அதனால் கொதிநீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசினேன். துவைத்தால் துணி முன்கூட்டியே சுருங்கிவிடும், பிறகு ஒட்டும்போது இறுகாது என்று சிலர் துவைக்காமலே ஒட்டுகிறார்கள். நான் கஞ்சி போவதையே பெரிதாக எடுத்துக்கொண்டேன். அதற்காக இதுவரை வருந்தவில்லை.

பெட்டியின் விளிம்புகளை எல்லாம் இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் உருட்டினேன். கூர்மையான விளிம்பில் துணி உட்காராது. உட்கார்ந்தாலும் முதலில் தேய்ந்து கிழிவது அந்த இடந்தான். சுண்டுவிரல் முனை அளவுக்கு வளைவு இருந்தால் போதும். திருகாணித் தலைகளை உள்ளே இறக்கிப் பட்டி பார்த்தேன். பிளைவுட்டின் வெட்டுமுனைகள் தண்ணீரை உறிஞ்சுவதில் சாக்குத்திரிக்குச் சமம் என்பதால், அவற்றுக்குத் துணி போடுமுன்பே இரண்டு கை பசை கொடுத்துவிட்டேன்.

இவ்வளவு கவனமாகச் செய்துவிட்டுக் கூரையில் தவறு செய்தேன். பகல் முழுவதும் வேறு வேலை இருந்ததால் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி, விளக்கு வெளிச்சத்தில் இருபத்தாறு சதுர அடியையும் ஒட்டி முடித்தேன். நாங்கள் இருப்பது நானுஓயாப் பக்கம். மாசி மாதம் பகலில் வெயில் பளீரென்று அடிக்கும். பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். நுவரெலியாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலமும் தை, மாசிதான். அன்றிரவு மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றது. காலையில் போய்ப் பார்த்தேன். பசை கண்ணாடி போலத் தெளிந்திருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் பொடி. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. துணியின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன், வெங்காயத் தோல் போல முழுக் கூரையும் உரிந்து வந்துவிட்டது. அன்று நான் யாரிடமும் பேசவில்லை.

காரணம் தேடிப் படித்தேன். இந்தப் பசை பி.வி.ஏ. எனப்படும் பாலிவினைல் அசிடேட் வகை. 1912இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடித்த பொருள். பிளாஸ்டிக்கின் மிகச்சிறு துளிகள் தண்ணீரில் மிதப்பதுதான் இந்தப் பசை. தண்ணீர் பாதி மரத்துக்குள்ளும் பாதி காற்றிலும் போனபின் துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகி இணைந்து ஒரே ஏடாகின்றன. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அவை நெருங்கினாலும் இணையாது, பொடியாகவே தங்கிவிடும். நீர் தாங்கும் வகைகளில் டைட்பாண்ட் 2 என்ற பசைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ், டைட்பாண்ட் 3க்கு ஏறத்தாழ 8 பாகை. காற்று மட்டுமல்ல, மரமும் பசையும்கூட அந்தச் சூட்டுக்கு மேல் இருக்க வேண்டும். எங்கள் மாசி இரவுக்கு முதல் வகை தாங்காது, இரண்டாவது வகைக்கும் உறுதி சொல்ல முடியாது.

குளிருக்கு வழி கண்டுபிடிக்கலாம். மூடுபனிக்கு வழி சொன்னவர் என் அப்பா. அவர் முப்பது வருடங்களுக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். உரிந்த துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "காற்று குடிக்காத நாளில் கொழுந்தும் வாடாது தம்பி, உன் பசை மட்டும் எப்படிக் காயும்? இரண்டு குமிழையும் பார்த்தாயா?" என்று கேட்டார்.

வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும். மற்றதன் குமிழில் சுற்றிய துணித்திரி தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். காற்று வறண்டிருந்தால் திரியிலிருந்து நீர் வேகமாக ஆவியாகி அந்தக் குமிழ் குளிரும், இரண்டு அளவுக்கும் இடைவெளி விழும். காற்று நிறைய ஈரம் குடித்திருந்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். மழை நாட்களில் அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் கொழுந்துக்குச் சூடான காற்றைக் கலந்து விடுவார்கள். இந்தக் கணக்கைச் சிறுவயதிலிருந்து கேட்டே வளர்ந்தவன் நான். என் பசைக்கும் அதே கணக்குத்தான் என்பது அன்றுதான் உறைத்தது.

இரண்டு சாதாரண வெப்பமானிகளை வாங்கி, ஒன்றுக்குப் பழைய வேட்டித் துணியில் திரி சுற்றி, தண்ணீர்ப் போத்தலில் தோய்த்துக் கொட்டகைத் தூணில் கட்டினேன். ஒரு வாரம் ஒட்டாமல் வெறுமனே பார்த்துக் குறித்தேன். காலை ஏழு மணிக்கு இடைவெளி அரைப் பாகைகூட இல்லை. பத்து மணிக்கு மூன்று. நண்பகலில் ஐந்துவரை போனது. மூன்று மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறியதும் மறுபடி ஒன்றுக்கு இறங்கியது. மூன்று பாகைக்குக் குறைந்தால் பசை டப்பாவைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு நாளைக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம். பெட்டிக்குள் இரண்டு பழைய குண்டு பல்புகளை எரியவிட்டுப் பலகையை உள்ளிருந்து சூடாக்கினேன். கையை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும்.

இரண்டாம் தடவை ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும். பசையில் பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ரோலரால் பலகையில் தேய்த்தேன். துணியில் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கி விரித்தேன். உலர்ந்த துணி பசையிலுள்ள நீரை உடனே குடித்துவிடும், பிறகு நகர்த்த முடியாது. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றினேன். மேலே இன்னொரு கை பசை, நெசவின் கண்கள் அடைபடும்வரை. அக்காவும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் துணியைப் பிடித்தார்கள். இது ஒற்றை ஆளாகச் செய்யக்கூடிய வேலையல்ல.

துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஓரங்குலம் விட்டேன். முதலில் சுவர்கள், கடைசியில் கூரை. கூரைத் துணியின் ஓரம் சுவர்த் துணியின் மேல் இறங்கி நிற்க வேண்டும், ஓடு வேய்வது போல. முன்பக்கத்துத் துணி பக்கவாட்டுத் துணியின் மேல் படிய வேண்டும். லொறி ஓடும்போது காற்று முன்னாலிருந்து வருகிறது. மடிப்பின் வாய் அதற்கு எதிரே இருந்தால் ஒரு பயணத்திலேயே தூக்கிவிடும்.

பெயின்ட்டின் முதல் கையில் நன்றாகத் தண்ணீர் கலந்து துணிக்குள் இறங்கவிட்டேன். பிறகு கலக்காமல் மூன்று கை. கூரைக்கு மட்டும் இன்னொரு கை. மொத்தமாக நூறு சதுர அடிக்கு ஐந்து லீற்றர் பசை போயிற்று.

சித்திரையில் நல்லதண்ணிக்குப் போனோம். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை. அதன் கடைசிப் பகுதியில் கூட்டம் சற்றுக் குறைந்திருந்தது. இரவு பெட்டிக்குள் நானும் மகனும் படுத்தோம். இரண்டு மணிக்கு மலையேற எழுந்தபோது என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் கூரையின் உட்புறம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே மழை இல்லை. ஒழுகுகிறது என்ற நினைப்பிலேயே படிகள் முழுவதையும் ஏறி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து கூரையின்மேல் அரை மணி நேரம் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டேன். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. அது எங்கள் மூச்சுக் காற்றின் நீர்தான். இரண்டு பேர் மூடிய பெட்டிக்குள் மூச்சுவிட, குளிர்ந்த கூரையில் அந்த ஆவி நீராகிப் படிந்திருக்கிறது. வெளித்தோல் எவ்வளவு இறுக்கமோ, உள்ளே அவ்வளவு காற்றோட்டம் வேண்டும். கால்பக்கத்தில் கீழே ஒன்றும், தலைப்பக்கத்தில் கூரைச் சாய்வுக்குக் கீழே ஒன்றுமாக, கை அகலத்தில் இரண்டு துளைகள் வெட்டி நுளம்பு வலை அடித்தேன். உட்புறப் பலகைக்குப் பெயின்ட் அடிக்கவில்லை, லின்சீட் எண்ணெய் மட்டும் பூசினேன். அடுத்த பயணத்தில் கூரை காய்ந்தே இருந்தது.

வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்தது. வேண்டுமென்றே பெட்டியைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தினேன். இரண்டு மாதம் நனைந்தபின் ஒரே ஒரு இடத்தில் கோழிமுட்டை அளவுக்குத் துணி உப்பியிருந்தது. கதவுக் கொக்கியின் திருகாணி. பெயின்ட் எல்லாம் முடிந்தபின் அவசரத்தில் துளையிட்டு முடுக்கியிருந்தேன். அந்த நூல் அளவுத் துளை வழியே நீர் பிளைவுட்டுக்குள் இறங்கியிருக்கிறது. உப்பியதை அறுத்து, இரண்டு நாட்கள் பல்பு வெளிச்சத்தில் காயவைத்து, துளையைப் பெரிதாக்கி எபொக்சிப் பசையால் அடைத்து, அது இறுகியபின் அதன் நடுவில் புதிய துளை போட்டேன். இப்போது திருகாணி எபொக்சியைத்தான் தொடுகிறது, மரத்தைத் தொடுவதில்லை. மற்றப் பதினொரு திருகாணிகளையும் கழற்றி அப்படியே செய்தேன்.

இதே விதமாகத் துணி ஒட்டி எட்டடி நீளத் தட்டையடி வள்ளம் ஒன்றும் செய்து பார்த்தேன். நண்பர் ஒருவரின் மரக்கறித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் குளம் இருக்கிறது. அதில் மகன் துடுப்புப் போட இரண்டு மணி நேரம் மிதந்தது. துளியும் உள்ளே வரவில்லை. ஒரு நாள் இரவு முழுவதும் குளத்திலேயே விட்டோம். காலையில் அடிமூலையில் பெயின்ட் உரசுப்பட்ட இடத்தில் துணி இளகி, நகம் பதிந்தது. நீர் தாங்கும் பசையானாலும் ஓயாமல் தண்ணீருக்குள் கிடக்கும் வேலைக்கு ஆகாது என்று பசைக்காரர்களே சொல்கிறார்கள். அதை நான் பெட்டிக்கு வேண்டாத எச்சரிக்கையாக ஒதுக்கியிருந்தேன், வள்ளத்துக்கு அதுவே முதல் விதி.

பலகை வள்ளத்தின் கதை வேறு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடியது. அத்தகைய கப்பல்களின் பலகை இடுக்குகளில் கலப்பத்து அடிப்பார்கள், அதாவது நாரைத் திணித்து அடைப்பார்கள். பலகை ஊறி உப்பும்போது இடுக்கு தானாக இறுகும். பிளைவுட் ஊறினால் இறுகாது, அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். ஆகவே வள்ளத்தின் அடியிலும் மூலைகளிலும் துணியை உரித்துவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் கண்ணாடி இழை நாடாவும் எபொக்சியும் போட்டேன். நீர்மட்டத்துக்கு மேலே காடாத் துணியே இருக்கிறது. மிதந்து முடிந்ததும் தூக்கிக் கரையில் கவிழ்த்து வைக்கிறோம்.

பெட்டியின் கூரைக்கு வருகிற மாசியில் இன்னொரு கை பெயின்ட் அடிக்க வேண்டும், முன்விளிம்பில் மரக்கிளை உரசிய கோடு தெரிகிறது. வெப்பமானிகள் இரண்டும் தூணில்தான் இருக்கின்றன. திரிக்குத் தண்ணீர் ஊற்றுவதை இப்போது அப்பா பார்த்துக்கொள்கிறார்.