மாரடைப்பு என்றே சொல்லிவந்தோம்

என் தம்பி இறந்தபோது அவனுக்கு வயது 22. வலி மாத்திரையில் தொடங்கி முற்றிப்போன, ஓபியாய்டு என்னும் அபின் வகைப் போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக, மறுவாழ்வு மையம் ஒன்றில் மூன்று மாதங்கள் தங்கியிருந்து, முகம் தெளிந்து உடம்பும் தேறித் திரும்பிய 11ஆம் நாள் இரவு அவனை இழந்தோம். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அப்பா மாரடைப்பு என்றார். அம்மா மறுக்கவில்லை. நானும் அதையே சொன்னேன். எட்டு மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் பெயரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தோம். ஆனால் அந்தப் பொய் நிற்க வேண்டுமென்றால் அவனுடைய கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றாயிற்று. அந்த இரண்டு ஆண்டுகளில் அவன் மீள்வதற்குப் பட்ட பாடும், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் கண்விழித்ததும் அதோடு சேர்ந்து மூடப்பட்டுப் போயின. உண்மை தெரிந்த அவனுடைய நண்பர்களை வீட்டுப் பக்கம் வரவிடாமல் தடுத்தோம். அவர்களும் ஒருவனை இழந்து நிற்கிறார்கள் என்பதோ, அவர்களில் சிலர் அவன் நின்ற அதே விளிம்பில் நிற்கிறார்கள் என்பதோ அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

பரிசோதனை அறிக்கை வரப் பல வாரங்கள் ஆயின. அதை விளக்கிய மருத்துவர் சொன்னதை நான் இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருக்கிறேன். சில வாரங்கள் போதைப்பொருள் எடுக்காமல் இருந்தாலே, முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் திறனை உடல் இழந்துவிடும். பழைய அளவே மூச்சை நிறுத்தப் போதுமானது. அதனால் சிகிச்சை முடிந்து வெளியே வரும் முதல் சில வாரங்கள்தாம் மிகவும் ஆபத்தானவை. அந்த மையத்திலிருந்து அவனை அழைத்துவந்த நாளில் இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன், பியுப்ரினார்ஃபின் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து கொடுப்பது இறப்பைக் குறைக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. மருந்தே இல்லாமல் இருப்பதுதான் உண்மையான குணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு அவன் அறையைக் கடந்து போனபோது, தொண்டையில் நீர் கட்டியதுபோன்ற ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்து, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். தட்டி எழுப்பியும் எழாத நிலை, நீலம் பாய்ந்த உதடுகள், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணிகள் ஆகியவற்றோடு, அந்தச் சத்தமும் மூச்சு அடங்கிவருவதன் அடையாளம் என்று பிறகுதான் அறிந்தேன். இத்தகைய நிலையை நேரில் காண நேரக்கூடிய குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்னும் மருந்து கிடைக்க வேண்டும், அதைப் பயன்படுத்தும் முறையும் கற்றுத்தரப்பட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருக்கிறது. அந்த வரியைப் படித்த நாளில் என்னால் வேறு எதையும் செய்ய முடியவில்லை.

கதவைச் சாத்திய கையைப் பற்றி யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது என்ற நிலையில்தான், பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பறிகொடுத்தவர்கள் கூடிப் பேசும் குழுவொன்றுக்குப் போனேன். இரண்டு முறை பேசாமல் திரும்பினேன். மூன்றாம் முறை அவன் இறந்த காரணத்தைச் சொன்னேன்; எதிரே இருந்த ஓர் அம்மா, "என் மகளும் அப்படித்தான் போனாள்" என்றார். ஊரார் முன் வாய்விட்டு அழ முடியாத இத்தகைய இழப்பை, ஆய்வாளர் கென்னத் டோகா 1989ஆம் ஆண்டு நூலொன்றில் அங்கீகரிக்கப்படாத துக்கம் என்ற கருத்தாக விளக்கியிருப்பதை அக்குழுவை நடத்திய ஆலோசகர் எடுத்துச் சொன்னார். என் குற்ற உணர்வை அவசரமாக ஆற்றிவிட அவர் முயலவில்லை என்பதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். ஐந்தாம் நாளே வேலைக்குப் போன அப்பாவை அம்மா மன்னிக்கவே இல்லை. துக்கப்படுபவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறிப் போய்வருவது இயல்பே என்று ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபும் ஷூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கத்தைக் கேட்டபின், அவர்கள் சண்டை நிற்கவில்லையென்றாலும் அதன் கடுமை குறைந்தது. அம்மாவுக்குத் தனியாகவும் சிகிச்சை தேவைப்பட்டது.

மிகக் கடினமாக இருந்தது 15 வயதுத் தங்கையிடம் சொல்வதுதான். சொல்லத் தொடங்கியதுமே, "எனக்குத் தெரியும் அக்கா, நீங்கள் எப்போது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்" என்றாள். அச்சுறுத்தும் பேச்சால் இளைஞர்களைப் பழக்கத்திலிருந்து தடுக்க முடிவதில்லை என்று ஐ.நா. அமைப்புகளின் தடுப்புமுறை வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. அவளுடைய மௌனமே எனக்கு அதைவிடப் பெரிய சான்றாக இருந்தது. விளைவை எண்ணிப் பார்த்துத் தன்னைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி 25 வயதை ஒட்டித்தான் முழுமையாக முதிர்கிறது என்பதால், முடிவெடுக்கும் பொறுப்பை அவள் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை என்று நான் கருதினேன். எங்கே, யாரோடு, எந்த நிலையில் இருந்தாலும் எங்களைக் கூப்பிடலாம், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம் என்று அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்தார். அவள் பதிலுக்கு ஒன்றே கேட்டாள்: "அந்தக் குறட்டைச் சத்தம் பற்றி அண்ணனுடைய நண்பர்களுக்குத் தெரியுமா?"

அவர்களை வீட்டுக்கு அழைத்தோம். ஆறு பேர் வந்தார்கள். மூச்சு அடங்குபவரைத் தனியே விடக் கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், நலோக்சோனின் பலன் 30 முதல் 90 நிமிடங்களே நீடிக்கும் என்பதால் எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் கற்றதையெல்லாம் சொன்னேன். எல்லாரும் போனபின் ஒருவன் மட்டும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை அவனை மருத்துவரிடம் அப்பாதான் அழைத்துப் போனார். இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறான். வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க வருகிறான். வராத வாரங்களில் அப்பா அவனுக்குத் தொலைபேசியில் பேசுகிறார்.