ஆர்கன் மிதிக்கு ஒரு கட்டில் நாடா

குருத்தோலை ஞாயிற்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் கோயில் ஆர்கனின் வலது மிதி அறுந்து விழுந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், பாட்டுப் பயிற்சி நேரம். மூன்றாம் சரணத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. என் கால் நேரே தரையில் போய் நின்றது. இடது மிதியை மட்டும் வேகமாக மிதித்துப் பார்த்தேன். ஆஸ்துமாக்காரர் படி ஏறுவதுபோல ஒவ்வொரு வரிக்கும் நடுவே சத்தம் இறங்கி இறங்கி வந்தது. பிள்ளைகள் பாடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

எங்களுடையது சாத்தான்குளம் பக்கத்தில், தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிற சின்ன சபை. அந்த ஆர்கன் நான் பிறக்கும் முன்பே வந்தது. அப்பா வாசித்தார், அவருக்குப் பிறகு நான் வாசிக்கிறேன். காலால் மிதித்துக் காற்று ஏற்றும் பழைய ரகம். மிதிக்கும் உள்ளே இருக்கிற துருத்திக்கும் நடுவில் ஒரு பட்டை நாடாதான் தொடர்பு. அது இற்றுப்போய்விட்டது. டவுனில் இருந்து ரிப்பேர்காரரை வரவழைத்தால் வந்து போகிற செலவே ஆயிரக்கணக்கில் ஆகும். கோயில் கூரைக்கு ஓடு மாற்றியதில் சபைப் பணம் அப்போதுதான் தீர்ந்திருந்தது. போதகர் ஐயரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரவு ஜெபத்தில் முழங்கால் போட்டபோது எனக்குள் ஒரு தயக்கம். சபையில் புற்றுநோயோடு ஒரு தாய் கிடக்கிறார். வேலை போன பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஜெபித்த அதே வாயால் ஒரு முழ நாடாவுக்கு ஜெபிப்பதா? கடைசியில், "ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை உமக்குத்தான் பாடப்போகிறோம். நீரே பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். தெருவில் சைக்கிள் மணிச் சத்தம், அப்புறம் ஒரு குரல்: "கட்டிலுக்கு நாடா பின்றதே... நாடாக் கட்டில்!" கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"பாய், கொஞ்சம் நில்லுங்க!"

"என்ன கட்டில்மா, ஒத்தையா ரெட்டையா?"

"கட்டில் இல்ல பாய். கோயில் ஆர்கன்."

அவர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். ஆனாலும் வந்தார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆர்கனின் கீழ்ப்பலகையை நான் எடுத்ததும் தரையில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டார். அறுந்த பட்டையின் நுனியைத் தடவிப் பார்த்தார். உருளையில் அது எப்படிச் சுற்றி வருகிறது என்று விரலாலேயே இரண்டு முறை போட்டுப் பார்த்தார். சைக்கிளில் இருந்து நீலமும் வெள்ளையுமாக ஒரு சுருள் எடுத்து, ஒரு சாணும் நாலு விரலும் அளந்து, இரட்டையாக மடித்து, குத்தூசியால் மெழுகு நூல் கோத்துத் தைத்தார். நுனிகளைத் தீக்குச்சியால் சுட்டு உருக்கினார். பழைய திருகாணிகளையே முடுக்கினார். இடது பக்கப் பட்டையும் நைந்துதான் இருக்கிறது என்று சொல்லி, நான் கேட்காமலே அதையும் மாற்றினார்.

"மிதிச்சுப் பாருங்கம்மா."

மிதித்தேன். முழு ஸ்வரமும் எழும்பியது. நாடாவுக்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். கூலியை நீட்டினேன். "தொழுகிற எடத்துச் சாமானுக்குக் கூலி வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு, மணி அடித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனார். அவர் அதற்கு முன் எங்கள் தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம்தான் டோனாவூர்ப் பொருத்தனை ஞாபகம் வந்து நெஞ்சில் குத்தியது. ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு நான் செலுத்தாமல் வைத்திருந்த பொருத்தனை அது.

அது என் கண்ணுக்காகச் செய்தது. போன வருஷத்துக்கு முந்திய வருஷம் எனக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. நாங்கள் பாடுவது சொல்ஃபா முறையில். டோ, ரே, மீ என்பதை எழுத்துகளாக எழுதி, தாளத்தைப் புள்ளிகளால் பிரிப்போம். இரட்டைப் புள்ளி என்றால் அடுத்த தட்டு, ஒற்றைப் புள்ளி என்றால் அரைத் தட்டு. அப்பா கையால் எழுதிய நோட்டில் எனக்கு எல்லாப் புள்ளிகளும் ஒரே பூச்சியாகத் தெரிய ஆரம்பித்தன. ஆபரேஷனுக்குப் பயந்தேன். கத்தி படாமல் கண்ணைத் தாரும் ஆண்டவரே, டோனாவூர் ஜெப வீட்டில் வந்து உட்கார்ந்து உமக்குப் பாடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். டோனாவூர் மேல் எங்கள் வீட்டுக்கு ஒரு பாசம் உண்டு. என் ஆச்சி மாட்டு வண்டியில் போய் அங்கே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரியில்தான் என் அம்மாவைப் பெற்றாள்.

கத்தி படாமல் கண் வரவில்லை. இலவச முகாமில் பதிந்து ஆபரேஷன்தான் செய்தார்கள். ஒன்றரை மாதம் சொட்டு மருந்து. குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. ஆர்கன் பக்கமே போகவில்லை. அந்த ஆறு வாரமும் யார் வாசிப்பது? சோப்ரானோவில், அதாவது பெண்களின் மேல்குரலில், பாடும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை, "டீச்சர், நான் ஒரு கையால வாசிக்கட்டா?" என்று கேட்டாள். முதல் வாரம் மெட்டை மட்டும் ஒரு கையால் வாசித்தாள். ஐந்தாம் வாரம் இரண்டு கையும் ஓடியது. எங்கள் சபையில் எனக்குப் பிறகு ஆர்கன் மூடிக்கிடக்குமே என்று நான் பல வருஷமாக உள்ளுக்குள் வைத்திருந்த பாரம் அது. அதற்காக நான் வாய்விட்டு ஜெபித்ததுகூட இல்லை.

கண் வந்தது. நான் கேட்ட விதத்தில் வரவில்லையே என்று பொருத்தனையைத் தள்ளிப்போட்டுவிட்டேன். அது தப்பு.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். பாடகர் குழுவில் ஒன்பது பேரும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியாரும். வேன் வாடகை ஒரு பெரிய கேள்வியாக இருந்தது. மும்பையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், தாயாரின் நினைவு நாளுக்குப் பாடகர் குழுவுக்கென்று அனுப்பிய காணிக்கை அந்த வாரம் வந்தது. வாடகை, டீசல், மத்தியானச் சாப்பாடு எல்லாம் போக நூற்றுச் சொச்சம் மிஞ்சியது.

வழியில் இடையன்குடியில் இறங்கினோம். கால்டுவெல் ஐயர் 1847-இல் அஸ்திபாரம் போட்டு 1880-இல் பிரதிஷ்டை பண்ணிய கோயில். முப்பத்து மூன்று வருஷம். அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தபோது பிள்ளைகள் யாரும் பேசவில்லை. உள்ளே அவருடைய கல்லறையும் இருக்கிறது. நேரம் போதாது என்று சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

வள்ளியூர் தாண்டினால் நிலமே மாறிவிடுகிறது. செம்மணலும் பனையும் பின்னால் போய், காற்றாலைகளும் வாழையும் குளமும் வருகின்றன. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை, மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஏர்வாடி கடந்ததும் லேசான சாரல். வேன் ஜன்னலை மூட யாருக்கும் மனசு வரவில்லை.

டோனாவூர் என்ற பேரே வெளியூர்ப் பேர். 1820-களில் மிஷனரி ரேனியஸ் ஐயர் இங்கே சபையை நாட்டியபோது பண உதவி செய்த ஜெர்மன் பிரபு ஒருவரின் பேர் டோனா. மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளுக்கான ஊழியத்தை ஆரம்பித்தது 1901-இல். வட அயர்லாந்துக்காரர், 1867-இல் பிறந்தவர். 1901 மார்ச் மாதம் ஏழு வயசுப் பிள்ளை ஒன்று, தேவதாசியாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட வாழ்க்கைக்குப் பயந்து, அவரிடம் ஓடிவந்து அடைக்கலம் கேட்டது. அதில் ஆரம்பித்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்தார்கள். அத்தனை வாய்க்கும் சோறு, பால், துணி, மருந்து வேண்டும். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, ஆண்டவரிடம் மட்டும் கேட்பது என்று அம்மையார் முடிவு செய்து, ஐம்பது வருஷம் அப்படியே நடந்தார். ஊருக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. ஆனால் அவர் தினமும் கேட்டதெல்லாம் அரிசியும் பாலும்தான். அது எனக்கு அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது. கர்த்தர் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே சாப்பாட்டுக்கென்று ஒரு வரி இருக்கிறதே! எத்தனை ஆயிரம் தடவை அதைச் சொல்லியிருக்கிறேன்.

அங்கே ஒரு வயதான அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அங்கே உறவுமுறைதான் பேர். அந்தக் காலத்து வெள்ளைக்கார ஊழியப் பெண்கள் எல்லாம் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி', பிள்ளைகளை வளர்த்த நம் ஊர்ப் பெண்கள் 'அக்கா'. திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைக் கேட்கும்போதே சொந்த வீட்டுக்குள் போனதுபோல இருக்கும்.

அம்மையார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்து, காலையில் கண்ணாடியில் பழுப்புக் கண்ணையே பார்த்து ஏமாந்த கதை எல்லாருக்கும் தெரியும். பிற்பாடு சேலை உடுத்து, தோலில் காப்பிச் சாயம் பூசி நம் பெண்களோடு பெண்ணாகப் போய்வர அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது. ஞாயிறு பள்ளியில் நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த கதை. ஆனாலும் அந்த அக்கா அதைச் சொல்லச் சொல்ல, ஆபரேஷன் ஆன என் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற, ஆர்கன் பழகிய என் சிஷ்யை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் காரணம் தெரியாது.

1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்ட பிறகு, 1951 ஜனவரியில் மரிக்கும் வரை அம்மையார் பெரும்பாலும் படுக்கையில்தான். அந்த அறைக்குள் இருந்துகொண்டே எழுதினார், ஜெபித்தார். சுகத்துக்காக எத்தனை பேர் எத்தனை இரவு ஜெபித்திருப்பார்கள்! அது கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு ஒரு நாளும் தவறவில்லை. இதை நான் விளக்க முயலவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தது என்று மட்டும் தெரியும்.

கல்லறை மரங்களுக்கு நடுவே இருக்கிறது. தனக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். அதனால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள். கோயில்குட்டியார் துண்டை எடுத்துத் தொட்டி விளிம்பில் கிடந்த சருகைத் துடைத்துவிட்டார்.

அப்புறம் ஜெப வீடு. 1927-இல் கட்டி முடித்தது. ஆஸ்பத்திரி அவசரமாகத் தேவைப்பட்ட காலம் அது. ஆனாலும் முதலில் ஜெபிக்க ஒரு வீடு, பிறகு ஆஸ்பத்திரி என்றுதான் அம்மையாருக்கு ஏவுதல் வந்தது. பரம சுகசாலை என்ற ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான் எழும்பியது. உள்ளே தரையில் உட்கார்ந்தோம். சாரல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. தரை குளிர்ந்து கிடந்தது.

அனுமதி கேட்டுப் பாடினோம். ஆர்கன் இல்லை. அதனால் நாலு குரல் பாட்டை விட்டுவிட்டு ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தோம். கிறிஸ்தவக் கீர்த்தனையைக் கொடிகட்டிப் பாடிய வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்ததும் இதே திருநெல்வேலிச் சீமையில்தான் என்று பிள்ளைகளுக்கு வேனிலேயே சொல்லியிருந்தேன். தாளம் மட்டும் வைத்துப் பாடினோம். பல்லவியில் எங்கள் குரல்கள் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தன. அந்த அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார். ஆண்களின் மேல்குரலான டெனரில் மட்டும் எங்களுக்கு ஒரே ஆள், அதுவும் தொண்டை கட்டியிருந்தது. அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

பாடி முடித்து ஜெபிக்கும்போது நான் எதையும் விடவில்லை. சிஷ்யையின் பதினொன்றாம் வகுப்புப் பீஸ், கோயில்குட்டியாரின் மூட்டுவலி, ஆர்கனின் நடு ஸ்தாயியில் இழுத்துக்கொண்டு ஊளையிடும் அந்த ஒரு ரீட் தகடு, டெனருக்கு இன்னொரு ஆள், எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கேட்டேன். நாடாக்கார பாய்க்காகவும் கேட்டேன். அவர் பேரை அன்று நான் விசாரிக்கவே இல்லை. ஆண்டவருக்குத் தெரியும்.

ஊர் வந்து சேர ராத்திரி ஒன்பதாகிவிட்டது. வேன் சாவி, மீதிப் பணக் கணக்கு எல்லாம் முடித்துவிட்டு நானும் சிஷ்யையும் கோயிலைத் திறந்து, ஆர்கனின் கீழ்ப்பலகையை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். நீலமும் வெள்ளையும், தையல் ஒரு இழைகூடப் பிரியவில்லை. ஊளையிடும் ரீட்டைக் கொக்கியால் உருவி எடுத்து, நாக்குக்கு அடியில் மென்மையான தூரிகையால் தட்டினேன். ஒரு சின்ன தூசித் துணுக்கு விழுந்தது. திரும்பச் செருகி வாசித்தாள். சத்தம் சுத்தமாக வந்தது.

மறுநாள் காலை முதல் பாட்டுக்கு அவளையே உட்கார வைத்தேன். நான் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் நின்றேன். அவள் பாவாடையை ஒதுக்கிவிட்டு, வலது காலை மெல்ல அழுத்தினாள். காற்று ஏறியது.