காவலில் இருந்து வந்த கடிதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழை பிடித்தால் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் லோரி இறங்காது, வெட்டிய குலை அப்படியே கிடக்கும், சம்பளம் குறையும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

பைபிளில் பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தை இப்போதுதான் நிதானமாகப் படிக்கிறேன். 4ஆம் அதிகாரத்தில் ‘ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள்’ என்கிற பவுல், அதை எழுதும்போது விலங்கோடு காவலில் இருந்தார். வசதியாக இருக்கிறவர் சொல்லியிருந்தால், ‘போங்கய்யா’ என்றிருப்பேன்! வேண்டியதை ஸ்தோத்திரத்தோடு, அதாவது நன்றியோடு, தேவனிடம் கேளுங்கள், புத்திக்கு எட்டாத சமாதானம் உங்கள் இருதயத்தைக் காக்கும் என்கிறார். நன்றி முதலில் வருவதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. இப்போது பழகிவிட்டது.

சம்பளம் கூடவில்லை. மனசு மட்டும் அடங்கியிருக்கிறது.

ஞாயிறு ஆராதனைக்கு ஜெபக்குறிப்பு எழுதுகிறேன். பெயர் சேர்க்க வேண்டியவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.