இருந்த இடத்திலேயே மாறிய குடியுரிமை

காயல்பட்டினத்திலிருந்து 1974-இல், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்குக்கு வந்த நான், சிம் சா சுய்யில் என் மாமா நடத்திய கல் வியாபாரக் கடையில் சேர்ந்தேன். நீலக்கல்லின் உள்ளோட்டத்தைப் பார்த்து விலை சொல்ல இரண்டு வருடத்தில் பழகிவிட்டேன். கான்டனீஸ் பேசத்தான் பத்து வருடம் ஆயிற்று.

1980-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றேன். 'ஐக்கிய இராச்சியமும் குடியேற்ற நாடுகளும்' என்ற அந்தக் குடியுரிமை பெயரளவில் லண்டன்வாசிக்கும் எனக்கும் ஒன்றே. ஆயினும் என்னைப் போன்றவர்கள் பிரிட்டனில் குடியேற வழியில்லை. இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்காததால், பிறகு உம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகவும் விசாவுக்கு வரிசையில் நிற்க நேர்ந்தது.

1981-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் 1983 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கடையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே நான் பிரிட்டனில் வாழும் உரிமையில்லாத 'சார்பு ஆட்சிப்பகுதிக் குடிமகன்' ஆனேன். பிரிட்டனின் இன்னொரு ஆட்சிப்பகுதியான ஜிப்ரால்டர் மக்களுக்கு முழுக் குடியுரிமைக்குப் பதிவு செய்யும் வழி இருந்தது. ஃபாக்லாந்து தீவு மக்களுக்கு, அர்ஜென்டினாவுடன் நடந்த போருக்குப் பின், 1983-இல் முழுக் குடியுரிமை கிடைத்தது. ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஹாங்காங்குக்குக் கிடைக்கவில்லை. எண்ணிக்கைதான் காரணம் என்று மாமா சொல்வார். நிறமும்தான் என்பது என் எண்ணம். பக்கத்தில் போர்ச்சுகல் ஆட்சியில் இருந்த மக்காவ் நகரிலோ, அந்நாடு சீனர்களுக்கும் முழுக் குடியுரிமை தந்திருந்தது.

என் பாஸ்போர்ட்டும் பக்கத்துக் கடைச் சீனருடையதும் ஒரே கருநீல அட்டை. மேலே 'பிரிட்டிஷ் பாஸ்போர்ட்', கீழே 'ஹாங்காங்'. ஆனால் 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங்கின் ஆட்சி சீனாவுக்குக் கைமாறும்போது அவரைச் சீனா தன் குடிமகனாகக் கொள்ளும். சீனரல்லாத எங்களுக்கோ, 1987 முதல் வழங்கப்பட்ட பி.என்.ஓ. என்ற 'வெளிநாட்டுப் பிரிட்டிஷ் தேசியர்' தகுதி மட்டுமே மிஞ்சும். அதில் பிரிட்டனில் வாழும் உரிமையும் இல்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் முடியாது. ஹாங்காங்கில் தொடர்ந்து குடியிருக்கலாம், ஆனால் எந்த நாட்டவர் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. சொந்த மகளின் பள்ளிப் படிவத்தில் 'நாடு' என்ற கட்டத்தை நிரப்பாமல் பேனாவை மூடி வைத்த இரவு இன்னும் நினைவில் இருக்கிறது.

கைமாற்றத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் பிரிட்டன் இறங்கி வந்தது. வேறு குடியுரிமை இல்லாமல், 1997 பிப்ரவரி 4-க்கு முன்பிருந்தே ஹாங்காங்கில் வசித்து வந்தவர்கள் முழுக் குடிமக்களாகப் பதிவு செய்யலாம் என்று புதுச் சட்டம் வந்தது. வாடகை ரசீது, வரிச் சீட்டு, மகளின் மதிப்பெண் அட்டை என்று ஒரு பிஸ்கட் டின் நிறையச் சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தேன், கிடைத்தது.

2021 ஜனவரி 31 முதல் பி.என்.ஓ. தகுதியுள்ளோருக்குப் பிரிட்டன் தனி விசா வழங்கத் தொடங்கியதும், பக்கத்துக் கடைக்காரர் குடும்பத்தோடு புறப்பட ஆயத்தமானார். அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். இருபது வருடத்துக்கு மேலாகப் பிரிட்டிஷ் குடிமகனாக இருந்தும், ஒரு குளிர்காலத்தைக்கூட நான் அங்கே கழித்ததில்லை.