பால் ஊறுதா?

தூத்துக்குடியில் அம்மா வீடு, பிரசவம் முடிந்து ஆறாம் நாள். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பால் ஊறுதா?"

ஊறவில்லை. சிசேரியன், ரத்தமும் கொஞ்சம் கூடுதலாகவே போயிருந்தது. அப்படியானால் பால் இறங்கத் தாமதமாகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. 2.9 கிலோவில் பிறந்தவள் 2.6 கிலோவுக்கு வந்திருந்தாள்.

அம்மா மீன்காரம்மாவிடம் பால்சுறா சொல்லி வைத்தாள். மஞ்சள் போட்டு அவித்து, சொரசொரத் தோலை உரித்து, தண்ணீரைப் பிழிந்து உதிர்த்து, பூண்டு அள்ளிப் போட்டுப் புட்டு. மதியம் பூண்டுக் குழம்பு, ராத்திரி பூண்டுப் பால். என் வியர்வையே பூண்டு வாசம் அடித்தது. தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று போனில் அத்தை வேறு. நாக்கு வறண்டு கிடந்தேன். அரை மணி நேரம் பம்ப் செய்துவிட்டுப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் 15 மில்லி கூட இல்லை. அழுதேன்.

ஒன்பதாம் நாள் டாக்டரிடம் போனபோது, அங்கிருந்த நர்ஸம்மா பிள்ளையின் வாயைத்தான் முதலில் பார்த்தார். "காம்பை மட்டும் சப்புறா பாரும்மா. சுத்தியிருக்கிற கருப்பும் வாய்க்குள்ள போகணும். முழுங்குற சத்தம் கேக்கணும்." மார்பு காலியானால்தான் அடுத்த பால் ஊறுமாம். நான் தூங்கட்டும் என்று ராத்திரியில் அம்மா பவுடர் பால் கொடுத்ததுதான் தப்பாகிவிட்டது, பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகமாம். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை போட வேண்டும். முதலில் மார்பு, பத்தாததற்குப் பவுடர் பால், அதுவும் பாட்டிலில் இல்லாமல் சங்கில். பம்பில் வருவதை அளக்காதே, நனைகிற துணியை எண்ணு, ஆறுக்குக் குறையக் கூடாது என்றார்.

அதிலிருந்து கொடியில் காயும் துணியை எண்ணுவதே என் வேலை. மூன்றாம் வாரம் 2.9 திரும்பியது. ஆனாலும் முழுசாக ஒருநாளும் பத்தவில்லை. சாயங்காலம் மட்டும் ஒரு சங்கு ஆறு மாதம் வரை ஓடியது.

அந்த வெள்ளிச் சங்கு என்னுடையதுதான். மூக்கு நசுங்கி, ஓரமெல்லாம் தேய்ந்திருக்கும். ஒருநாள் கொதிதண்ணீரில் போட்டு எடுக்கும்போது கேட்டேன்: "மருந்து ஊத்தியாம்மா இப்படித் தேஞ்சது?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உனக்கும் பத்தலட்டி. பசும்பால்ல தண்ணி கலந்து இதுலதான் ஊத்துனேன்."

சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.