படிக்க மட்டும் திறந்தால் போதாது

பெங்களூரில் விவசாயிகளுக்கான தகவல் தயாரிக்கும் ஒரு சிறிய அமைப்பில் வேலை பார்க்கிறேன். ஆய்வு நிலையங்களில் தெரிந்துகொண்டதை, வயலில் நிற்பவருக்குப் பயன்படும்படி துண்டறிக்கையாகவும் ஒரு நிமிடக் குரல் செய்தியாகவும் சின்ன வீடியோவாகவும் மாற்றித் தருவதுதான் எங்கள் பிழைப்பு. தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் யாருக்காக எழுதுகிறீர்கள் என்று பலர் கேட்பதுண்டு. ஓசூரும் தளியும் ராயக்கோட்டையும் எங்களுக்கு எட்டும் தூரம்தான். அதோடு, கர்நாடகத்துக்குள்ளேயே சாமராஜநகர் மாவட்டத்தில், ஹனூர், மார்ட்டள்ளி பக்கம் தமிழ் பேசும் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மக்காச்சோளமும் ராகியும் போடுகிறார்கள். கர்நாடக வேளாண் துறையின் அறிவிப்பு கன்னடத்தில் வரும். தமிழ்நாட்டுத் துறையின் அறிவிப்பு மாநில எல்லையோடு நின்றுவிடும். வீட்டில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் எதுவும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

வேளாண் ஆராய்ச்சி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை இன்று கொள்கையளவில் யாரும் மறுப்பதில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-இல், ஆய்வுகளை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற திறந்த அணுக்கக் கொள்கையை ஏற்றது. உலகளாவிய வேளாண் ஆராய்ச்சி மையங்களின் கூட்டமைப்பான சிஜிஐஏஆர் அதே ஆண்டில் தனக்கொன்று வகுத்துக்கொண்டது. நம் வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைக் கிருஷிகோஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நூலகத்தின் பூட்டிய அலமாரியில் ஆய்வேடுகள் கிடந்த காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். ஆனாலும் இந்த வேலையில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. படிக்கக் கொடுப்பது பாதி வேலைதான். எடுத்து, வெட்டி, வேறு மொழியில், வேறு வடிவத்தில் திருப்பித் தர அனுமதி இருந்தால்தான் மீதிப் பாதி நடக்கும்.

ஏனென்றால் விவசாயி ஆய்வுக்கட்டுரை படிப்பதில்லை, படிக்கவேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கும் கட்டுரைக்கும் நடுவில் கே.வி.கே. என்னும் வேளாண் அறிவியல் மைய ஊழியர், வேளாண் உதவி அலுவலர், உரக்கடைக்காரர், மகளிர் குழுவை நடத்தும் அக்கா, எங்களைப் போன்றவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறோம். ஆராய்ச்சியைத் திறப்பது முதலில் எங்களுக்காகத்தான். எங்கள் கை கட்டப்பட்டிருந்தால் கட்டுரை இலவசமாகக் கிடைத்தும் பிரயோசனம் இல்லை.

2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். அமெரிக்கக் கண்டத்துப் புழு அது. 2016-இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டுபிடித்தார்கள், இந்தியாவில் அதுதான் முதல் தடவை. பெங்களூர் ஹெப்பாளில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிலையம் ஜூலை 30-ஆம் தேதி எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. அந்தச் சில வாரங்களின் அருமை, புழுவின் வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். தாய் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டு மேலே மயிர்போன்ற செதில்களால் மூடிவைக்கும். பொரித்த புழு ஆரம்பத்தில் இலையைச் சுரண்டித் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கி, மரத்தூள்போலத் தன் கழிவையே மேலே அடைத்துக்கொள்ளும். அப்புறம் மருந்து அடித்தாலும் எளிதில் உள்ளே போகாது. தகவல் இரண்டு வாரம் தாமதமானால் அந்தப் பட்டத்துக்கு அது வராததற்குச் சமம்.

அடையாளம் சொல்வது முக்கியமாக இருந்தது. தலையில் தலைகீழான ஒய் எழுத்துபோல ஒரு கோடு. வால் பக்கத்து உடற்கண்டத்தில் நான்கு கறுப்புப் புள்ளிகள் சதுரமாக. இதைப் பார்த்துவிட்டால் வேறு புழுவோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள், தேவையில்லாத மருந்தையும் வாங்க மாட்டார்கள். இதை வார்த்தையில் சொன்னால் பாதிப்பேருக்குத்தான் புரியும், படம் வேண்டும். நல்ல படங்கள் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் இருந்தன. கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கலாம். படத்தை எடுத்துத் தமிழில் பெயர் குறித்து அச்சடிக்க மட்டும் பதிப்பகத்திடம் தனி அனுமதி, அதற்குத் தனிக் கட்டணம், பதில் வர வாரக்கணக்கு. எங்களால் காத்திருக்க முடியவில்லை. எங்கள் ஓவியர் புழுவை நேரில் வைத்துப் புதிதாக வரைந்தார். அந்தக் கோட்டோவியத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மூலத்தைச் சொன்னால் போதும் என்ற உரிமத்தில், சிசி பிஒய் என்பார்களே அதில், வெளியிட்டோம். அடுத்த சில மாதங்களில் அதையே தெலுங்கிலும் மராத்தியிலும் எழுத்து மாற்றிய துண்டறிக்கைகள் எங்களுக்கே வாட்ஸ்அப்பில் திரும்பி வந்தன. யார் செய்தார்கள் என்று தெரியாது. அந்தக் கோட்டோவியத்தின் கீழே எங்கள் அமைப்பின் பெயர் சிறிதாக இருந்தது. என் பணி வாழ்வில் எனக்கு மிகவும் நிறைவு தந்த விஷயங்களில் அது ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பல இளம் ஊழியர்கள் இதில் தயங்குகிறார்கள். ஒரு உண்மைக்குப் பதிப்புரிமை இல்லை. இந்தப் பூச்சிக்கு இத்தனை அளவு வேம்புக் கரைசல் என்ற செய்தியை நம் சொந்த வார்த்தையில் எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. எழுதிய விதம், வரைந்த படம், எடுத்த புகைப்படம், பேசிய குரல், இவற்றுக்கு உரிமை உண்டு. நம் நாட்டில் ஓவியர் வரைந்த ஒரு படத்துக்கு அவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படமும் குரலும்தான் போகும். அதனால் உரிமம் குறிப்பிடாமல் விடும்போது அதிகம் இழப்பது அவர்கள்தான். 'மாற்றக் கூடாது' என்று நிபந்தனை போட்ட இலவசக் கட்டுரைகளிலும் இதே சிக்கல்தான். தமிழில் பெயர்ப்பதே மாற்றுவதுதானே.

அவசரத்தில் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பங்களாதேஷ் உதாரணத்தை எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்வேன். 2016 பிப்ரவரியில் அங்கே கோதுமையில் குலை நோய் என்ற பூஞ்சை நோய் வந்தது. ஆசியாவில் அதுவரை பார்க்காத நோய். பயிர்களிலிருந்து எடுத்த மரபணுத் தகவலை விஞ்ஞானிகள் ஆய்விதழில் வரும்வரை பொத்தி வைக்கவில்லை, 'ஓப்பன் வீட் பிளாஸ்ட்' என்ற இணையதளத்தில் உடனே போட்டார்கள். முன்பின் அறியாத ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து பார்த்து, சில வாரங்களிலேயே அந்தப் பூஞ்சை தென் அமெரிக்க வகையைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள். முறையான கட்டுரை அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. மேற்கு வங்க எல்லை மாவட்டங்களில் கோதுமையே போடவேண்டாம் என்று 2017-இல் நிறுத்தி வைத்த முடிவை, எதிரி யாரென்று தெரிந்த நிலையில் எடுக்க முடிந்தது.

நம் பக்கத்தில் இன்னொரு தடை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பழைய தமிழ்த் துண்டறிக்கைகள். எல்லாக் கணினியும் ஒரேமாதிரி படிக்கும் யூனிகோடு எழுத்துமுறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. அதற்கு முன்னும், பல இடங்களில் அதற்குப் பின்னும், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த அருமையான குறிப்புகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. மானாவாரி நிலத்தில் ஈரம் காப்பது, கால்நடை மேலாண்மை, விதை நேர்த்தி எல்லாம் உண்டு. எழுத்தை நகல் எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டும். தேடினால் கிடைக்காது. ஸ்கேன் செய்த அறிக்கைகளும் அப்படித்தான். அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்களின் ஆண்டறிக்கைகளில் எந்த ரகம் எந்த ஊரில் எவ்வளவு மகசூல் தந்தது என்று ஊர்வாரியாகக் கணக்கு இருக்கும். நான் வேண்டி வேண்டிப் படிப்பது அவற்றைத்தான். ஆனால் அட்டவணை வெறும் படமாக இருக்கும். ஒவ்வொரு எண்ணாகத் தட்டச்சு செய்தால்தான் வேலைக்காகும். கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு இல்லை.

சரி, எல்லாம் கிடைத்து, நாங்களும் நன்றாகவே செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். யாருக்குப் போகிறது? நாட்டில் உள்ள சாகுபடிப் பண்ணைகளில் 86 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுடையவை என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. பெண்கள் பெயரில் இருப்பவை 14 சதவீதத்துக்கு அருகில். களை எடுப்பதும் குருத்தைப் பிரித்துப் புழு பார்ப்பதும் யார் என்று வயலில் போய்ப் பார்த்தால் கணக்கு வேறு. மார்ட்டள்ளிப் பக்கம் ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து சொன்னார், "நீங்க அனுப்புற செய்தி எங்க வீட்டுக்காரர் போனுக்குத்தான் வருதும்மா. அவரு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனா போனும் கூடவே போயிடுது. காட்டுல நான்தான் நிக்கிறேன்." நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் எண்ணைத்தான் எங்கள் பட்டியல் எடுத்திருந்தது. எல்லாப் பட்டியல்களும் அப்படித்தான் தொடங்குகின்றன. குத்தகைக்கு உழுபவர் அதில் வரவே மாட்டார்.

அதற்குப் பிறகு மகளிர் குழுக் கூட்டங்களில் மாலை நேரத்தில் வீடியோ போட்டுக் காட்டத் தொடங்கினோம். இந்த வழி பெங்களூருக்குப் புதிதல்ல. 2006-இல் இங்கே மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஒரு திட்டமாகத் தொடங்கி டிஜிட்டல் கிரீன் என்று வளர்ந்த முயற்சி இதைத்தான் செய்தது: அந்தந்த ஊர் விவசாயியையே பேசவைத்துப் படம் எடுப்பது, ஊரிலேயே திரையிடுவது, நடுவில் நிறுத்தி விவாதிக்க உள்ளூர் ஆள் ஒருவரை வைப்பது. திரையில் தெரிந்த முகம் இருந்தால் கேள்வி தானாக வருகிறது. நிறுத்தி நிறுத்திக் காட்டுவதற்கும் வசனத்தை மாற்றுவதற்கும் வீடியோ நம் கையில் இருக்க வேண்டும். மறுபடியும் உரிமத்தில்தான் வந்து நிற்கிறோம்.

அந்தக் கூட்டங்களில் நாங்கள் கற்றதும் உண்டு. படைப்புழு விழுந்த குருத்தில் ஒரு பிடி மணலைப் போட்டுவிடும் வழக்கம் பல நாட்டு விவசாயிகளிடம் உண்டு. மணலும் சுண்ணாம்பும் 9-க்கு 1 என்ற அளவில் கலந்து போடுவது இங்கே அதிகாரப்பூர்வப் பரிந்துரையிலும் ஏறிவிட்டது. அங்கே எந்த விவசாயி பெயரும் இல்லை. ஆய்வாளர் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் நாம், ஊர்ப் பெயரையாவது குறிப்பிடலாம். எங்கள் துண்டறிக்கைகளில் இப்போது அப்படித்தான் செய்கிறோம், சம்மதம் கேட்டு.

சம்மதம் என்ற இடத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஆராய்ச்சி திறந்திருக்க வேண்டும். விவசாயியின் சொந்த விவரம் திறந்திருக்கக் கூடாது. ஒருவருடைய சர்வே எண், மகசூல், கடன் ஆகியவற்றை ஆய்வுத் தரவு என்ற பெயரில் இணையத்தில் போட்டால், முதலில் பார்க்கப்போவது விலை பேச வரும் வியாபாரி. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வராவிட்டாலும் இது நியாயம்தான். பெயரும் இடமும் நீக்கி, வட்டார அளவில் கூட்டித் தந்தால் ஆய்வுக்கு ஒன்றும் குறையாது.

ஆய்வாளர்களைச் சந்திக்கும்போது நான் கேட்பது பெரிய விஷயங்களை அல்ல. அட்டவணையைப் படமாகத் தராமல் எக்செல் கோப்பாகத் தாருங்கள். சோதனை நடந்த ஊரின் மண்ணையும் அந்த வருட மழையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, பலிக்காத சோதனைகளையும் வெளியிடுங்கள். "இது எங்க ஊர்ல சரிப்படாதாமே, உண்மையா?" என்றுதான் எங்களிடம் அதிகம் கேட்கிறார்கள். வெற்றிபெற்ற ரகத்தைப் பற்றி மட்டும் கட்டுரை வந்தால் இந்தக் கேள்விக்கு எங்கே பதில் தேடுவது?

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளா என்ற வேளாண் கண்காட்சியில் அறிமுகமான ஒரு சிறுதானிய ஆய்வாளர், ராகி ரகச் சோதனைகளின் மூலக் கணக்கை அப்படியே கோப்பாக அனுப்பியிருக்கிறார், மழை பொய்த்துப் போன வருடங்களும் சேர்த்து. பயன்படுத்த எந்த நிபந்தனையும் போடவில்லை. தளி, அஞ்செட்டி பக்கத்து மானாவாரி விவசாயிகளுக்காக இப்போது அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். கதிர் பிடிக்கும் சமயத்தில் மழை நின்றால் எந்த ரகம் தாங்கும் என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் மண்ணுக்கு நெருக்கமான சோதனை ஊர் எது என்று அடையாளம் கண்டுவிட்டால், இந்தப் பருவ விதைப்புக்கு முன்பே துண்டறிக்கை போய்விடும்.