26 சதவீதம் என்றால்

மரபணு ஆலோசகரிடம் வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எனக்கு கேன்சர் வருமா, வராதா?" பிஆர்சிஏ1 மரபணுவில் பழுது இருந்தால் ஓரளவு நேராகப் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பழுதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. என்னைத் திணறடிப்பவை ஊரில் பாதிப் பேரிடம் சாதாரணமாக இருக்கும் சின்னச் சின்ன மாறுபாடுகள்.

ஒரு பெண் ரிப்போர்ட்டோடு வந்தார். எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவில் ஓரெழுத்து மாற்றம் (டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மட்டும் வேறு), மார்பகப் புற்றுநோய் ஆபத்து 26 சதவீதம் அதிகம் என்று போட்டிருந்தது. நூற்றுக்கு 26 வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டு தூக்கமே இல்லாமல் இருந்திருக்கிறார். ஒரு தாளில் 100 புள்ளிகள் வைத்தேன். வழக்கமாக 12 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த 12-ல்தான் 26 சதவீதம் கூடும்; இந்த மாற்றத்தோடு சுமார் 15. கூடுதலாக மூன்று புள்ளிகளைச் சுழித்துக் காட்டியதும், "இவ்வளவுதானா!" என்றார். இவ்வளவேதான்.

அதற்காக இவற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. டிஎன்ஏவில் இப்படி எழுத்து மாறும் 313 இடங்களைக் கூட்டி மார்பகப் புற்றுநோய்க்கு மதிப்பெண் போடும் முறை 2019-ல் வெளியானது. தனியாகப் பார்த்தால் அற்பமானவை, சேர்ந்தால் கணிசமான வித்தியாசம் காட்டுகின்றன. சிக்கல் என்னவென்றால், அந்த மதிப்பெண் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவிலிருந்து உருவானது. மற்றவர்களுக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. ரிப்போர்ட்டில் முதல் வரியாக இருக்க வேண்டிய விஷயம் இது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

சில மாறுபாடுகள் பழக்கத்தோடு சேர்ந்தால்தான் வேலையைக் காட்டும். கிழக்காசியரிடம் பரவலாக உள்ள ஏஎல்டிஹெச்2 மரபணு மாற்றம் இருப்பவருக்குக் குடித்தால் முகம் சிவக்கும், உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயமும் ஏறும். குடிக்காதவருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை.

மதிப்பெண் எதுவாக இருந்தாலும், நான் முதலில் வரைவது குடும்பப் படம்தான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு. அம்மா பக்கம் கடகடவென்று நிரம்பிவிடும். அப்பா பக்கம் கேட்டால், "அது எதற்கு?" என்பார்கள். பிஆர்சிஏ பழுது அப்பாவிடம் இருந்தாலும் பிள்ளைக்கு வர அதே 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்புறம் என்ன, அத்தைக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்வேன்.